நிமிஷத்த சொல்லுங்க சார், பாயிண்ட்ட நாங்களே எண்ணிக்கறோம்

நம்ம டீமோட ப்ளேயர் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்கற எல்லாருக்கும் வணக்கம்.

டீம் பேர நான் எழுதப் போறதில்ல. எழுதுனா சொல்ல வந்தத விட்டுட்டு அந்த டீம்காரன் இந்த டீம்காரன்னு சண்டைதான் நடக்கும், அதுவும் போக வட அமெரிக்காவோட பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல்-ல இருக்கற 32 டீம்ல எதுக்கு இத அனுப்புனாலும் மேல இருக்கற விலாசத்த மட்டும் மாத்துனா போதும், உள்ள ஒரு வரி மாத்த வேண்டாம். (ஐஸ் ஹாக்கிதான் சொல்றேன், தரைல ஆடற ஹாக்கி இல்ல. நடுவுல வந்து படிக்கறவங்களுக்காக சொல்லி வெக்கறேன்.)

நான் ஒரு சாதாரண ரசிகன்தான், ஆனா கொஞ்சம் வேற மாதிரி கிறுக்கு. காலைல எந்திரிச்சதும் மெயின் டீம் ஜெயிச்சுதா தோத்துதான்னு பாக்கறதுக்கு முன்னாடி, நாம டிராஃப்ட்ல (வருஷா வருஷம் டீமுங்க முறை போட்டு புதுப் பசங்கள எடுக்கறது) எடுத்த பசங்க எங்கெங்க என்ன பண்ணாங்கன்னு பாக்கற ஆளு. ஒருத்தன் ஒன்டாரியோ ஜூனியர் லீக்ல இருப்பான், ஒருத்தன் ஸ்வீடன்ல, ஒருத்தன் அமெரிக்க காலேஜ்ல, ரெண்டு மூணு பேரு என்எச்எல்-க்கு ஒரு படி கீழ இருக்கற ஏஎச்எல்-ல, ஒருத்தன் ரஷ்யால காண்ட்ராக்ட் எப்ப முடியும்னே தெரியாம. எல்லாருக்கும் சேத்து ஒரு எக்ஸெல் ஷீட் வெச்சிருக்கேன், பொறந்த தேதிலேந்து போன மேட்ச்ல எத்தன ஷாட் வரைக்கும் இருக்கும். நல்லா வர்றவனுக்கு பச்சை, தெரியலைன்னா மஞ்சள், ஊத்திக்கிச்சுன்னா செவப்பு.

இந்த ஷீட்டுக்கு நீங்க குடுக்கற தீனி என்ன? மாசம் ஒரு தடவ ஒரு ப்ராஸ்பெக்ட் (வளர்ந்து வர்ற பசங்க) அப்டேட். பேரு, எத்தன மேட்ச், கோல், அசிஸ்ட் (கோலுக்கு பாஸ் குடுத்தது; கோலும் அசிஸ்ட்டும் சேந்ததுதான் பாயிண்ட்), கூடவே ஒரு அழகான கோல் க்ளிப், கீழ "நல்லா முன்னேறிட்டு வர்றான், ரொம்ப சந்தோஷமா இருக்கோம்"னு ஒரு வரி. மூணு வருஷமா படிக்கறேன் சார், ஒருத்தன பத்தியாவது "சந்தோஷமா இல்ல"ன்னு நீங்க சொன்னதே இல்ல. அப்புறம் அவன் காண்ட்ராக்ட் கெடைக்காம போனப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு பையனும் ஐஸ்ல எத்தன நிமிஷம் ஆடுனான், அத சொல்லுங்க.

ஏன் கேக்கறேன்னா, போன சீசன் ஜனவரில நடந்தத சொல்றேன். நம்ம ஏஎச்எல் டீம்ல ஒரு 20 வயசு டிஃபென்ஸ்மேன், பேரு வேண்டாம், சின்னப் பையன். 14 மேட்ச்ல மொத்தமே ஒரே ஒரு அசிஸ்ட். எல்லாரும் சேந்து அவன வேஸ்ட் பீஸ்னு முத்திரை குத்தியாச்சு, இவனுக்கு பதிலா அவன எடுத்திருக்கலாம் இவன எடுத்திருக்கலாம்னு பழைய டிராஃப்ட் லிஸ்ட்ட தோண்டி எடுத்து புலம்பல் வேற. பொய் சொல்ல மாட்டேன், நானும் ஷீட்ல மஞ்சள செவப்பா மாத்திட்டேன். மாத்துன அன்னைக்கு ராத்திரி என்னவோ உறுத்துச்சு, நாம இவன் ஆடி ஒரு மேட்ச் கூட முழுசா பாக்கலையேன்னு.

அடுத்த மேட்ச் ஸ்ட்ரீம போட்டு, ஃபோன்ல ஸ்டாப்வாட்ச தொறந்து வெச்சு உக்காந்தேன். சொல்றதுக்கு ஈஸியா இருக்கு, செஞ்சு பாத்தாதான் தெரியும் கஷ்டம். கேமரா பக் (ஆடற ரப்பர் வட்டு) பின்னாடியே ஓடும், பெஞ்சுலேந்து யாரு எறங்குறான் யாரு ஏறுறான்னு காட்டவே காட்டாது, அதனால அவன் ஜெர்சி நம்பர் கண்ணுல பட்டதும் தட்டுவேன், காணோம்னா ரெண்டு செகண்ட் பாத்துட்டு நிறுத்துவேன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் (ஒரு தடவ ஐஸ்ல எறங்கி பெஞ்சுக்கு திரும்பற வரைக்கும்) பேப்பர்ல ஒரு கோடு. ரெண்டாவது பீரியட்ல ஸ்ட்ரீம் வேற அரை நிமிஷம் சுத்திக்கிட்டே நின்னுச்சு, அதுல ஒரு ஷிப்ட் போயிருக்கலாம். கடைசில எண்ணிப் பாத்தா 26 கோடு, கூட்டுனா 21 நிமிஷத்துக்கு கிட்ட வருது! ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு 21 நிமிஷம்னா அது டீமோட மொதல் ஜோடி ஆடற நேரம் சார்.

அதோட போகல. பெனால்டி கில்லுக்கு (பெனால்டியால நம்ம டீம் ஆள் கம்மியா ஆடறப்ப) மொதல்ல எறங்குறது அவன்தான். கடைசில நாம ஒரு கோல் முன்னாடி இருக்கோம், எதிர் டீம் கோலிய (கோல் கீப்பர) வெளிய எடுத்துட்டு ஆறு பேரா ஆடறாங்க, அப்பவும் கோச் எறக்குனது அவனத்தான். ஒரு ஷாட் நேரா கணுக்கால்ல வாங்குனான், ஒத்தக் கால இழுத்துக்கிட்டே எந்திரிச்சு பக்-அ போர்டுல தள்ளி சுவரோட அமுக்கிப் புடிச்சிட்டான், அதுலயே ஒரு இருபது செகண்ட் ஓடிடுச்சு. மேட்ச் முடிஞ்சு ஷீட்ட தொறந்து பாக்கறேன். அவன் பேருக்கு நேரா கோல் 0, அசிஸ்ட் 0, பாயிண்ட் 0.

அன்னைக்கே செவப்ப அழிச்சிட்டேன். ஆனா மத்த 71 மேட்ச்சுக்கும் நான் ஸ்டாப்வாட்ச் புடிச்சுக்கிட்டு உக்கார முடியுமா? எனக்கும் வேலை வெட்டி இருக்குல்ல?

ஏஎச்எல்-ல ரசிகனுக்கு கெடைக்கற மேட்ச் ஷீட்ல கோல் இருக்கும், அசிஸ்ட் இருக்கும், ஷாட் இருக்கும், ப்ளஸ் மைனஸ் (அவன் ஐஸ்ல இருக்கறப்ப நம்ம டீம் போட்ட கோலுக்கும் வாங்குன கோலுக்கும் வித்தியாசம்) இருக்கும், பெனால்டி நிமிஷமும் இருக்கும். ஆடுன நிமிஷம் இருக்காது. தப்பு பண்ணி பெட்டிக்குள்ள உக்காந்த நிமிஷத்த எழுதி வெக்கறாங்க, வேர்த்து விறுவிறுத்து ஆடுன நிமிஷத்த காட்ட மாட்டேங்கறாங்க, இது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அதே என்எச்எல்-ல பாருங்க, 1997-98 சீசன்லேந்து ஒவ்வொரு ப்ளேயரோட ஐஸ் டைமும் செகண்ட் சுத்தமா பப்ளிக்ல இருக்கு. 2023லேந்து யாரு எவ்வளவு ஸ்பீடுல ஸ்கேட் பண்ணான், எத்தன மைல் ஓடுனான்ங்கறது கூட வெப்சைட்ல வந்துடுச்சு. ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா லீக்ல எல்லாம் நிமிஷம் போடறாங்க. ஆக, ஆயிரம் மைல் தள்ளி ஸ்வீடன்ல ஆடற பையன பத்தி எனக்கு தெரியுது, நம்ம சொந்த ஏஎச்எல் டீம்ல, உங்க கண்ணு முன்னாடி ஆடறவன பத்தி தெரியல.

நிமிஷம் தெரிஞ்சா என்ன மாறும்னு கேப்பீங்க. சின்னதா ஒரு கணக்கு போடறேன், ஆளுங்க கற்பனைதான். 18 வயசு பையன் ரெண்டு பேரு, ஒரே லீக், ரெண்டு பேரும் பெரியவங்களோட ஆடறாங்க. மொத ஆளு 20 மேட்ச்ல 4 பாயிண்ட். ரெண்டாவது ஆளு 20 மேட்ச்ல 8 பாயிண்ட். பாயிண்ட்ட மட்டும் பாத்தா ரெண்டாவது ஆளு டபுள் மடங்கு ஆளு. இப்ப மொத ஆளு மேட்ச்சுக்கு 7 நிமிஷம் ஆடுனான், ரெண்டாவது ஆளு 16 நிமிஷம் ஆடுனான்னு வெச்சுக்கோங்க. 60 நிமிஷத்துக்குன்னு மாத்திப் பாத்தா மொத ஆளுக்கு 1.7, ரெண்டாவது ஆளுக்கு 1.5. மொத ஆள செவப்புல போட்ட என்ன மாதிரி ஆளுங்க எத்தன பேரோ. சரி, 7 நிமிஷம் ஆடறவன் எதிர் டீமோட நாலாவது லைன் (சேந்து எறங்கற மூணு ஃபார்வர்டுங்கதான் லைன், நாலாவதுதான் கடைசி) கூட ஆடறான், அதனால ஈஸின்னு சொல்வீங்க, ஒத்துக்கறேன், ஆனா அந்தப் பேச்சையே நிமிஷம் தெரிஞ்சாதான ஆரம்பிக்க முடியும்?

லீக்க லீக்கோட ஒப்பிட ஒரு வழி இருக்கு, இந்தப் பக்கம் சுத்தறவங்க எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு நம்பர் வெச்சு பெருக்கி, இந்த பாயிண்ட் என்எச்எல்-ல எவ்வளவுக்கு சமம்னு பாக்கறது. நானும் பண்றேன். ஆனா அந்த பெருக்கல் லீக்க மட்டும்தான் பாக்கும். பையன் மொதல் லைன்லயா நாலாவது லைன்லயா, பவர் ப்ளேல (எதிர் டீம் ஆள் கம்மியா ஆடறப்ப) நிக்கறானா இல்ல பெஞ்சுல தண்ணி பாட்டில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானான்னு அதுக்கு எங்க தெரியும். இப்ப இன்னும் குழப்பம் கூடிடுச்சு, 2025லேந்து கனடா ஜூனியர்ல ஆடுனவனும் அமெரிக்க காலேஜ்ல ஆடலாம்னு ரூல் மாறுனதுல கேவின் மெக்கென்னா மெடிசின் ஹேட்லேந்து பென் ஸ்டேட்டுக்கு போயிட்டான், ஜூனியர்லேந்து காலேஜுக்கு இப்படி கூட்டம் கூட்டமா பசங்க போனா அந்த லீக்கோட நம்பரே பழசாயிடும்ல.

இது ஏஎச்எல் பசங்களுக்கு மட்டும் நடக்கற கூத்துன்னு நெனைக்காதீங்க, 2020 டிராஃப்ட்ல நம்பர் ஒண்ணா போன அலெக்ஸி லாஃப்ரெனியேருக்கே நடந்துச்சு. நியூயார்க் ரேஞ்சர்ஸ்ல மொத சீசன் 56 மேட்ச்ல 21 பாயிண்ட். அப்ப அவன பேசுன பேச்சு இருக்கே, அப்பப்பா. அவன் ஆடற லெஃப்ட் விங்ல முன்னாடி நின்னது யாரு? பனாரினும் கிரைடரும், ரெண்டு பேரும் டீமோட பெரிய ஆளுங்க. அவங்கள தாண்டி ஒரு 19 வயசு பையன் மொதல் பவர் ப்ளேல எங்க போய் நிப்பான்? 2023-24ல அவன ரைட் விங்குக்கு மாத்தி பனாரின் லைன்லயே போட்டாங்க, 28 கோல், 57 பாயிண்ட். பையன் வளர்ந்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா இடமும் மாறுச்சு, அதையும் சேத்து சொல்லணும்ல. இது எங்களுக்கு தெரிஞ்சதே என்எச்எல்-ல நிமிஷம் போடறதாலதான்.

மான்ட்ரியல் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கதையும் கிட்டத்தட்ட இதேதான். டிராஃப்டுக்கு முன்னாடி ஃபின்லாந்து லீக்ல 31 மேட்ச்ல 10 பாயிண்ட், பாத்தா ஒண்ணுமே இல்ல. அதே சீசன் பீஜிங் ஒலிம்பிக்ல 7 மேட்ச்ல 7 கோல், ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம், போட்டியோட சிறந்த ஆட்டக்காரன். நம்பர் ஒண்ணா எடுத்தாங்க, மொத வருஷம் 39 மேட்ச்ல 10 பாயிண்ட், அப்புறம் முட்டில அடி. ரசிகர்கள் தலைல கைய வெச்சுக்கிட்டாங்க. அடுத்த சீசன் நடுவுல டீமோட மொதல் லைன்காரங்க சுசுகி, காஃபீல்ட் கூட போட்டதும் முடியும்போது 50 பாயிண்ட்.

பாயிண்ட் கம்மியா காட்டி ஏமாத்தறது மட்டும் இல்ல, கூட காட்டியும் ஏமாத்தும். 2012ல எட்மன்டன் நம்பர் ஒண்ணா எடுத்த நெயில் யாகுபோவ் மொத சீசன்ல 48 மேட்ச்ல 17 கோல், 31 பாயிண்ட். என் ஷீட் அப்ப இருந்திருந்தா கண்ண பறிக்கற பச்சை. ஆனா அஞ்சு ஷாட்டுக்கு ஒரு கோல்ங்கற ரேட்டுல போயிருந்துச்சு, அது ரொம்ப நாள் தாங்காதுன்னு அப்பவே சொன்னவங்க இருந்தாங்க, யாரு காதுல வாங்குனா. அடுத்த சீசன் 63 மேட்ச்ல 24 பாயிண்ட், ப்ளஸ் மைனஸ் மைனஸ் 33. 24 வயசுல என்எச்எல் வாழ்க்கையே முடிஞ்சு போச்சு. குருவி தலைல பனங்காய வெச்சாங்களா, இல்ல பையன்கிட்டயே சரக்கு அவ்வளவுதானான்னு இன்னைக்கும் சண்டை போடறாங்க.

ஆறாவது ரவுண்ட், ஏழாவது ரவுண்ட் கதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. டெட்ராய்ட் எடுத்து பின்னாடி பெரிய ஸ்டாரான தட்ஸ்யுக் 171வது, செட்டர்பெர்க் 210வது, எல்லாருக்கும் மனப்பாடம். அத சொல்லி சொல்லியே நாம எடுத்த ஒவ்வொரு ஏழாவது ரவுண்ட் பையனும் அடுத்த செட்டர்பெர்க்னு நம்பி நான் வீணாப் போன வருஷங்கள் உண்டு. அந்த டெட்ராய்ட்கிட்டேந்து எனக்கு புடிச்சது வேற விஷயம். பசங்கள அவசரப்பட்டு மேல கொண்டு வராம, நல்லா கனிஞ்சு போற வரைக்கும் அவங்க ஏஎச்எல் டீம் கிராண்ட் ராபிட்ஸ்ல விட்டு வெப்பாங்க. தடியால அடிச்சு பழுக்க வெக்கற வேலையே இல்ல. குஸ்தவ் நீக்விஸ்ட் 2008ல 121வதா வந்தவன், மூணு வருஷம் காலேஜ், அப்புறம் கிராண்ட் ராபிட்ஸ், 2013-14 சீசனையே அங்கதான் ஆரம்பிச்சான், மேல வந்ததும் 57 மேட்ச்ல 28 கோல். இன்னொரு டெட்ராய்ட் பையன் டாடர், 2013ல கிராண்ட் ராபிட்ஸ் ஏஎச்எல் கோப்பையான கால்டர் கப் ஜெயிச்சப்ப ப்ளேஆஃப்ல சிறந்த ஆட்டக்காரன். கீழ இருந்த காலம் அவங்களுக்கு தண்டனை இல்ல, அங்க நெறைய நிமிஷம் ஆடுனாங்க, எல்லா சூழ்நிலைலயும் ஆடுனாங்க. இப்ப நீங்க "பையன கீழ அனுப்பறோம், அங்க நல்லா ஆட வாய்ப்பு கெடைக்கும்"னு சொல்றப்பல்லாம் எனக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான், எத்தன நிமிஷம்? சொன்ன மாதிரி 18 நிமிஷம் குடுக்கறீங்களா, இல்ல அங்கயும் 9 நிமிஷம்தானா? 9 நிமிஷம்னா அவன எதுக்கு அனுப்புனீங்க?

அந்த 9 மேட்ச் நாடகத்த பத்தியும் ஒரு வார்த்தை. 18, 19 வயசு பையனுக்கு பத்தாவது மேட்ச் ஆடுனா மூணு வருஷ காண்ட்ராக்ட்ல மொத வருஷம் கரைய ஆரம்பிக்கும், அதனால ஒன்பதோட நிறுத்தி ஜூனியருக்கு திருப்பி அனுப்பறீங்க. ரூல் அப்படி, நான் குத்தம் சொல்லல. ஆனா அனுப்பும்போது "டெவலப்மெண்டுக்காக"ன்னு மட்டும் சொல்லாதீங்க, காண்ட்ராக்டும் ஒரு காரணம்னு சொன்னா நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்? மறைச்சாதான் கோவம் வருது.

கோலிங்கள பத்தி நான் எதுவும் கேக்கல, கவனிச்சிருப்பீங்க. அவங்க வேற ஜாதகம். ஹெல்லிபக் 130வதா போனவன், 2025ல ஹார்ட் ட்ராபி (என்எச்எல் சீசனோட சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கற வரைக்கும் 13 வருஷம். டிம் தாமஸ் 1994ல 217வது, வெசினா (சிறந்த கோலி விருது) கைக்கு வந்தது 2009ல. கோலிய பத்தி 20 வயசுல கருத்து சொல்றவன் யாரா இருந்தாலும் நான் அந்த இடத்த விட்டு எந்திரிச்சு போயிடுவேன்.

நீங்க சொல்லப் போற பதிலும் எனக்கு தெரியும். மொதல்ல, எதிர் டீமுக்கு தெரிஞ்சிடும்னு சொல்வீங்க. சார், எதிர் டீமோட ஸ்கவுட் உங்க ரிங்க்லயே மேல உக்காந்து நோட்ல எழுதிக்கிட்டு இருக்காரு. வீடியோ டேட்டா விக்கற கம்பெனிக்கு டீமுங்க காசு கட்டுது. அவங்க எல்லாருக்கும் தெரியும், தெரியாதது டிக்கெட் வாங்கற எங்களுக்கு மட்டும்தான்.

ரெண்டாவது, பசங்க மேல ப்ரெஷர் ஏறும்னு சொல்வீங்க. இதுல ஞாயம் இருக்கு, ரெண்டு நாள் யோசிச்சேன். 19 வயசுல தன்ன பத்தி முகம் தெரியாத ஆயிரம் பேரு தீர்ப்பு எழுதறத படிக்கறது சாதாரணம் இல்ல, அந்த ஆயிரம் பேர்ல நானும் ஒருத்தன். ஆனா அந்த டிஃபென்ஸ் பையன நெனைச்சுப் பாருங்க. அவன அடிச்சது நிமிஷம் இல்ல, 14 மேட்ச்ல 1 பாயிண்ட்ங்கற அந்த ஒத்த நம்பர்தான். பக்கத்துல 21 நிமிஷம்னு ஒண்ணு இருந்திருந்தா பாதி வாய் தானா மூடியிருக்கும், என் வாயும் சேத்துத்தான். அதுக்காக எல்லாத்தையும் தொறந்து காட்ட சொல்லல. எடை, ஃபிட்னஸ் டெஸ்ட், அடிபட்டது, மனசு சரியில்லாம லீவு எடுத்தது, இதெல்லாம் அவங்க சொந்த விஷயம், அத கேக்கற ரசிகன் யாரா இருந்தாலும் கதவ சாத்துங்க.

லீக் சம்மதிக்கணும்னு சொன்னீங்கன்னா, சரி, லீக்கோட மேட்ச் ஷீட்ல போட வேண்டாம். நீங்க எப்படியும் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் உள்ளுக்குள்ள எண்ணி வெக்கறீங்க, அந்த மாசாந்திர அப்டேட்ல சராசரியா ஒரு நம்பர சேருங்க. முடிஞ்சா பவர் ப்ளேல எத்தன, பெனால்டி கில்ல எத்தன, யாரு கூட ஜோடி. கோல் க்ளிப்புக்கு பதிலா ஒரு தடவ ஒரு முழு ஷிப்ட போடுங்க, நாற்பது செகண்ட்தான், பக் இல்லாதப்ப பையன் எங்க நிக்கறான்னு பாக்கணும். நல்லா இல்லாத ஷிப்ட போட்டாலும் சரி. ஜூலைல டெவலப்மெண்ட் கேம்ப் முடிஞ்சதும் ஒவ்வொரு பையனயும் தனியா கூப்பிட்டு இத சரி பண்ணுன்னு சொல்லி அனுப்பறீங்கல்ல, அதுல பையனுக்கு ஆட்சேபம் இல்லாத ஒரு வரிய எங்களுக்கும் சொல்லுங்க. "பின்னாடி ஸ்கேட் பண்ணும்போது திரும்பறது லேட்டாகுது, அதுல வேலை பாக்கறோம்"னு ஒரு வரி போதும் சார், அந்த சீசன் முழுக்க நான் அவன் திரும்பறத மட்டும் பாத்துக்கிட்டு இருப்பேன், பாயிண்ட் பக்கமே போக மாட்டேன்.

அக்டோபர்ல ஏஎச்எல் சீசன் ஆரம்பிக்குது. மொத அப்டேட் நவம்பர்ல வரும்னு நெனைக்கறேன். அந்த டிஃபென்ஸ் பையனுக்கு இப்ப 21 ஆயிடும், ஷீட்ல அவன் பேருக்கு நேரா ஐஸ் டைம்னு ஒரு கட்டம் புதுசா போட்டு வெச்சிருக்கேன். காலியா இருக்கு.

இப்படிக்கு,
ஸ்டாப்வாட்ச் புடிச்சு விரல் வலிச்ச உங்க ரசிகன்